சுங்கத்தில் வீழ்ந்த பேரரசு

1644 முதல் 1912 வரை சீனத்தை ஆண்ட மஞ்சூரிய சிங் வம்சம், பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைத் தன் ஆட்சியின்கீழ் வைத்திருந்தது. அத்தகைய பேரரசு அடுத்த 120 ஆண்டுகளுக்குள் சிதைந்ததற்கு ஐரோப்பியரின் பீரங்கிகளே காரணம் என்று சிலரும், அரண்மனையின் ஊழலும் மந்தமுமே காரணம் என்று வேறு சிலரும் எழுதிவந்துள்ளனர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் அந்நிய வணிகமும் அந்நியப் போரும் சிங் அரசைத் தாக்கிய இடம் போர்க்களத்தைவிடக் கருவூலமே என்பதும், வரியை யார் விதிப்பது, யார் வசூலிப்பது, யாருக்காகச் செலவிடுவது என்னும் உரிமைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைநழுவியதே அந்த வீழ்ச்சியின் உட்கிடை என்பதும் ஆவணங்களைக் கூர்ந்து நோக்குவோர்க்குப் புலனாகும்.

அந்நியர் வருமுன் எல்லாம் செம்மையாக இருந்தது என்று கொள்வதற்கில்லை. 1700ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 15 கோடியாக இருந்த மக்கள்தொகை 1850இல் 43 கோடியை எட்டியது. விளைநிலமோ, அதிகாரிகளின் எண்ணிக்கையோ அந்த அளவுக்குப் பெருகவில்லை. பேரரசர் சியென்லுங்கின் முதுமைக் காலத்தில் அவருடைய அணுக்கரான ஹெஷென் அரசுப் பதவிகளை விற்றுப் பெருஞ்செல்வம் குவித்தார். 1796இல் மத்திய மாநிலங்களின் மலைப்பகுதிகளில் மூண்ட வெண்தாமரைக் கிளர்ச்சியை அடக்க எட்டாண்டுகளும் 10 கோடி லியாங்கிற்கு மேற்பட்ட வெள்ளியும் தேவைப்பட்டன. லியாங் என்பது ஏறத்தாழ 37 கிராம் எடையுள்ள வெள்ளி. அரசின் கணக்குகள் அனைத்தும் இந்த நிறையிலேயே எழுதப்பட்டன. 1770களில் 7 கோடி லியாங்கிற்கும் மேல் இருப்பு வைத்திருந்த கருவூலம், அபினிப் போருக்கு நெடுங்காலம் முன்பே மெலியத் தொடங்கிவிட்டது.

இங்கே அந்த அரசின் பண அமைப்பைச் சற்று விளக்குதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்த பலவற்றுக்கும் வேர் அதிலேயே உள்ளது. சீனத்தில் இருவகைப் பணம் புழங்கியது. அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கு நடுவே சதுரத் துளையிட்டு நூலில் கோத்து வைக்கப்படும் செப்புக்காசுகள். பெருவணிகத்துக்கும் அரசு வரிக்கும் வெள்ளி. 1,000 காசுகள் ஒரு லியாங்கிற்குச் சமம் என்பது அரசு வகுத்த கணக்கு. செப்புக்காசுகளை அரசே வார்த்து வெளியிட்டது. வெள்ளியை அவ்வாறு செய்ய இயலவில்லை. உள்நாட்டுச் சுரங்கங்களில் கிடைத்தது மிகக் குறைவு. பதினாறாம் நூற்றாண்டு முதல் சீனத்தை நிறைத்த வெள்ளியின் பெரும்பகுதி மெக்சிகோவிலும் பெருவிலும் வெட்டி எடுக்கப்பட்டு, மணிலா வழியாகவும் ஐரோப்பியக் கப்பல்களிலும் வந்து சேர்ந்ததாகும். 1793இல் பிரித்தானியத் தூதர் மக்கார்ட்னி வணிகச் சலுகை கேட்டு வந்தபோது, தம் நாட்டில் இல்லாத பொருள் எதுவுமில்லை என்னும் பொருள்பட சியென்லுங் மறுமொழி விடுத்தது பலரும் அறிந்ததே. ஆனால் அந்தப் பேரரசின் நிலவரி அமைப்பே கடல் கடந்து வந்த வெள்ளியின்மேல்தான் நின்றிருந்தது என்பதை அரசவையில் எவரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

1757 முதல் ஐரோப்பியர் கடல்வழி வணிகம் செய்யத் தென்கோடியிலிருந்த கான்டன் (இன்றைய குவாங்சோ) ஒன்றே திறந்திருந்தது. நகர மதிலுக்கு வெளியே முத்து ஆற்றின் கரையில் 13 பண்டகசாலைகள். அங்கும் வணிகப் பருவம் முடிந்ததும் தங்கக் கூடாது, பெண்களை அழைத்து வரக் கூடாது என்னும் கட்டுப்பாடுகள். அரசின் உரிமம் பெற்ற சீன வணிகர் குழுவான கோஹோங் வழியாக மட்டுமே வாங்கவும் விற்கவும் வேண்டும். அந்நியர் கட்டவேண்டிய வரிக்கும் அவர்களின் நடத்தைக்கும் இக்குழுவே பிணை நின்றது. சுங்க மேற்பார்வையாளர் அரண்மனையால் நேரடியாக நியமிக்கப்பட்டவர். வசூலில் ஒரு பகுதி பேரரசரின் சொந்தச் செலவுக்கே சென்றது. கெடுபிடிகள் மிகுந்த ஏற்பாடுதான். எனினும் எல்லையில் எது நுழையலாம், எந்த வரிக்கு நுழையலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அதில் அரசிடமே இருந்தது.

பிரித்தானியருக்குத் தேவைப்பட்டது தேயிலை. 1784இல் இங்கிலாந்து தேயிலைமீதான வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைத்ததும் அங்கே நுகர்வு பெருகியது. தேயிலை ஏகபோகம் பெற்றிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுதோறும் மேலும் மேலும் கொள்முதல் செய்தது. ஆங்கிலேயரின் கம்பளித் துணிக்குச் சீனத்தில் போதிய கிராக்கி இல்லாததால் விலையை வெள்ளியில் கொடுக்கவேண்டியிருந்தது. அந்த வெள்ளியை மிச்சப்படுத்தக் கம்பெனி கண்டுகொண்ட பண்டமே வங்காளத்து அபினி.

அபினி விளைந்ததும் உருவானதும் இந்திய மண்ணில். 1773இல் வங்காள அபினியின் ஏகபோகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. பாட்னா, காசிப்பூர் ஆகிய இரு இடங்களில் அதன் பெருங்கிடங்குகள் அமைந்தன. உழவர்கள் முன்பணம் பெற்றுக் கசகசாச் செடி பயிரிட்டனர். காய்களை மாலையில் கீறிவிட்டு, இரவில் கசிந்து உறைந்த பாலை விடியலில் சுரண்டி எடுத்துக் குறித்த விலைக்குக் கிடங்கில் ஒப்படைத்தனர். அங்கே அது பிசைந்து உருண்டைகளாக்கப்பட்டு, கசகசாப் பூவிதழ்களை அபினிப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிய ஓட்டுக்குள் பொதியப்பட்டு, மாதக்கணக்கில் அலமாரிகளில் உலர்த்தப்பட்டது. அடுக்குக்கு 20 வீதம் 40 உருண்டைகள் கொண்டது ஒரு பெட்டி. எடை சுமார் 63 கிலோ. சீனத்தில் 1729 முதலே அபினி விற்பனைக்குத் தடை இருந்ததால் கம்பெனி தன் கப்பல்களில் அதனை ஏற்றவில்லை. கல்கத்தாவில் பகிரங்க ஏலம் விட்டுப் பணத்தைப் பெற்றுக்கொண்டு, கடத்தும் பொறுப்பைத் தனி வணிகர்களிடம் விட்டது. ஸ்காட்லாந்தியரான ஜார்டின், மாத்திசன் ஆகியோரும், பம்பாயைச் சேர்ந்த பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் இந்த வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர்கள். கம்பெனியின் ஏகபோகத்துக்கு வெளியே, மேற்கிந்தியாவின் மால்வாப் பகுதி அபினியும் பம்பாய், டாமன் துறைகள் வழியே சென்றது.

முத்து ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள லின்டின் தீவருகே நங்கூரமிட்ட கப்பல்கள் மிதக்கும் கிடங்குகளாயின. அங்கிருந்து பல துடுப்புகள் கொண்ட விரைவுப் படகுகளில் சரக்கு இரவோடிரவாகக் கரை சேர்ந்தது. அதிகாரிகளுக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று கையூட்டு போனது. நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,500 பெட்டிகளாக இருந்த வரத்து, கம்பெனியின் சீன வணிக ஏகபோகம் 1834இல் முடிவுக்கு வந்து தனி வணிகர் பெருகியபின் மேலும் உயர்ந்து, 1838இல் 40,000 பெட்டிகளை நெருங்கியது. சீனத்துக்குள் வந்துகொண்டிருந்த வெள்ளி, 1820களின் பிற்பகுதியிலிருந்து வெளியே ஓடத் தொடங்கியது.

வெள்ளி அருகியதற்கு அபினி மட்டுமே காரணமன்று என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஸ்பானிய அமெரிக்காவில் 1810இல் தொடங்கிய விடுதலைப் போர்களால் சுரங்கங்கள் பாழாகி உலகெங்குமே வெள்ளி வரத்து சுருங்கியது. 1850களில் வெள்ளி மீண்டும் சீனத்துக்குள் திரும்பியபோது அபினி இறக்குமதி குறையவில்லை, கூடியே இருந்தது. இந்தத் திருத்தம் ஏற்கத்தக்கதே. ஆனால் உலகளாவிய வெள்ளிப் பஞ்சத்தின் நடுவே, கையிருப்பில் இருந்த வெள்ளியை ஆண்டுதோறும் உறிஞ்சியது அபினிதான். அதன் விளைவைச் சுமந்தவர்கள் அபினியைக் கண்ணாலும் காணாத உழவர்கள்.

உழவர் நெல்லை விற்பது செப்புக்காசுக்கு. வரி கட்டுவது வெள்ளியில். வெள்ளி அரிதாக ஆக, ஒரு லியாங்கிற்கு 1,000 காசு என்ற விகிதம் 1830களின் இறுதியில் ஏறத்தாழ 1,600 ஆகி, அடுத்த பத்தாண்டில் 2,000ஐக் கடந்தது. அரசு வரியை ஒரு காசுகூட உயர்த்தவில்லை; ஆயினும் உழவரின் வரி இரட்டிப்பாயிற்று. பிற்காலத்தில் வம்சத்தைக் காத்த படைத்தலைவராகப் புகழ்பெற்ற செங் குவோஃபான், 1852இன் தொடக்கத்தில் புதிய பேரரசர் சியென்ஃபெங்கிற்கு அளித்த விண்ணப்பத்தில் இந்தக் கணக்கை நேராக எழுதிவைத்தார்: முன்னர் ஒரு கல அளவு அரிசி விற்றால் 3 லியாங் வெள்ளி கிடைத்தது, இப்போது அதே அரிசிக்கு 1.5 லியாங்தான் கிடைக்கிறது. அரசு கேட்பதோ அதே வெள்ளி. வரி செலுத்த இயலாதோர்மீது மாவட்ட அதிகாரிகள் பிரம்படி நடத்தினர். செப்புக்காசில் கூலி பெற்ற சிப்பாய்களும் வறுமையுற்றனர். பீரங்கி முழங்காத ஊர்களிலும் அந்நிய வணிகம் நுழைந்த வழி இதுவே.

அரசவையில் இதுபற்றி நேர்மையான விவாதம் நடந்தது. 1836இல் ஷூ நைஜி என்னும் அதிகாரி, அபினியைச் சட்டப்படி அனுமதித்து வரி விதித்து, வெள்ளிக்கு மாற்றாகப் பண்டமாற்றாக மட்டுமே வாங்கச் செய்யலாம் என்று முன்மொழிந்தார். 1838இல் ஹுவாங் ஜுவெஸி, அபினி உட்கொள்வோர்க்கு ஓராண்டு அவகாசமும் பின்னர் மரண தண்டனையும் வேண்டும் என்றார். பேரரசர் தாவோகுவாங் இரண்டாம் வழியையே விரும்பி, நேர்மைக்குப் பெயர்பெற்ற லின் சேசூவை முழு அதிகாரத்துடன் கான்டனுக்கு அனுப்பினார். 1839 மார்ச் 10 அன்று அங்கு வந்து சேர்ந்த லின், அந்நியர் பண்டகசாலைகளை முற்றுகையிட்டு, பிரித்தானிய வணிகக் கண்காணிப்பாளர் சார்ல்ஸ் எலியட்டின் மூலம் 20,283 பெட்டிகளை ஒப்படைக்கச் செய்தார். எலியட் அவற்றைத் தம் அரசின் பெயரால் பெற்று ஒப்படைத்ததால், தனி வணிகரின் கடத்தல் சரக்கு பிரித்தானிய அரசின் உடைமையாக உருமாறியது. போருக்கான வழக்கு அந்த ஒரு செயலிலேயே அமைந்துவிட்டது.

ஜூன் 3 அன்று முத்து ஆற்றங்கரையில் ஹூமென் என்னுமிடத்தில் அபினி அழிப்புத் தொடங்கியது. தளத்தில் கல் பாவி, பக்கங்களில் பலகை அடைத்த பெருங்குழிகளில் நீர் நிரப்பி உப்பைக் கரைத்து, உருண்டைகளைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஊறவிட்டபின் சுண்ணாம்பைக் கொட்டினர். கொதித்தெழுந்த கலவையைத் தொழிலாளர் கிளறிக் கரைத்தபின், கடல் நீர் வடியும் வேளையில் மதகைத் திறந்துவிட்டனர். 1,000 டன்னுக்கும் மேற்பட்ட அபினி கரைந்து முடிய மூன்று வாரத்துக்கு மேலாயிற்று. இந்த மாசுக்காகக் கடல் தெய்வத்திடம் பொறுத்தருள வேண்டி லின் முன்னதாகவே வழிபாடு நடத்தியிருந்தார். தம் மக்களின் உடல்நலத்துக்கும் நாட்டின் வெள்ளிக்கும் காவலாக நின்ற ஓர் அதிகாரியின் செயல் அது. அதில் பழிக்கத்தக்கது எதுவுமில்லை. ஆனால் எதிரே நின்றது கான்டன் வணிகரின் பேராசை மட்டுமன்று, தேயிலை வரியையும் இந்திய வருவாயையும் நம்பியிருந்த ஓர் அரசின் வரவுசெலவுத் திட்டம் என்பதை லின் அறிந்திருக்க வழியில்லை.

1840 ஏப்ரலில் பிரித்தானிய மக்களவையில் இந்தப் போருக்கு எதிரான தீர்மானம் 262க்கு 271 என்ற வாக்குகளில், வெறும் ஒன்பது வாக்கு வேறுபாட்டில் தோற்றது. படையெடுப்புக்கான ஆளும் கப்பலும் பெருமளவு இந்தியாவிலிருந்தே திரட்டப்பட்டன. தமிழரும் தெலுங்கரும் தக்காண முஸ்லிம்களும் சேவை செய்த சென்னை மாகாணப் படையின் காலாட்படைப் பிரிவுகளும் பொறியாளர் பிரிவும் அதில் இடம்பெற்றன. 1841 மே இறுதியில், கான்டன் நகரைச் சுடாமல் விடுவதற்காக 60 லட்சம் டாலர் பணயத்தொகை பெற ஒப்புக்கொண்டு நகருக்கு வடக்கேயுள்ள மேடுகளில் படை தங்கியிருந்தபோது, கொள்ளையும் கல்லறைச் சிதைப்பும் கண்டு கொதித்த சான்யுவான்லி முதலிய சிற்றூர் மக்கள் ஈட்டியும் வாளும் மண்வெட்டியும் ஏந்தி ஆயிரக்கணக்கில் திரண்டனர். அப்போது பெய்த இடிமழையில் வயல்களும் வரப்புகளும் ஒன்றாயின. 37ஆம் சென்னைச் சுதேசிக் காலாட்படையைச் சேர்ந்த சுமார் 60 சிப்பாய்கள் வழி தவறிச் சூழப்பட்டனர். அவர்களிடம் இருந்தவை சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் பழைய துப்பாக்கிகள்; மருந்து நனைந்ததால் ஒன்றும் வெடிக்கவில்லை. நான்கு புறமும் முகம் காட்டிச் சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கிமுனைக் கத்திகளை மட்டுமே கொண்டு இருட்டும்வரை தாக்குப்பிடித்தவர்களை, மழையிலும் சுடவல்ல புதுவகைத் துப்பாக்கி ஏந்திய கடற்படைச் சிப்பாய்கள் வந்து மீட்டனர். தமக்கு எவ்விதத்திலும் பகையல்லாத உழவர்களை எதிர்த்து, தம் நாட்டில் விளைந்த அபினிக்காகச் சென்னைச் சிப்பாய்கள் நின்ற அந்த வயல், சீனர்களின் வரலாற்றில் மக்கள் எதிர்ப்பின் முதல் களமாகப் போற்றப்படுகிறது. கூட்டத்தைக் கலைத்து அனுப்பியவர்கள் சிங் அதிகாரிகளே. வெல்லவிருந்த தங்களை அரசு காட்டிக்கொடுத்தது என்ற எண்ணம் அந்த மாநிலத்து ஊர்களில் வேரூன்றியது. போரினால் வந்த கேடுகளில் அது சிறியதன்று.

போரின் முடிவைத் தீர்மானித்தது கான்டன் அன்று. 1842 ஜூலையில் யாங்சி ஆற்றில் ஏறிய கப்பல்கள், தெற்கின் அரிசியைப் பெய்ஜிங்கிற்குக் கொண்டுசெல்லும் பெருங்கால்வாய் அந்த ஆற்றைக் கடக்கும் சென்ஜியாங் நகரைக் கைப்பற்றின. தலைநகரின் உணவு வழி அடைபட்டதும் அரசவை பணிந்தது. ஆகஸ்ட் 29 அன்று நாஞ்சிங் அருகே கார்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பலில் ஒப்பமான உடன்படிக்கையின்படி 2 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு, ஹாங்காங் தீவு, ஐந்து துறைமுகங்கள் ஆகியவை பிரித்தானியருக்குக் கிடைத்தன. கோஹோங் குழு கலைக்கப்பட்டது. போருக்குக் காரணமான அபினியின் எதிர்காலம் பற்றி உடன்படிக்கை எதுவும் சொல்லவில்லை. அழிக்கப்பட்ட அபினியின் விலை 60 லட்சம் டாலர் மட்டும் இழப்பீட்டில் சேர்ந்திருந்தது.

இழப்பீட்டை அடைத்துவிடலாம், அடைத்தும் விட்டனர். ஆறாத காயம் வேறு பிரிவுகளில் இருந்தது. சுங்கவரி இனி இரு நாடுகளும் ஒப்பிய வீதத்திலேயே விதிக்கப்படும் என்றானது. அது நடைமுறையில் ஏறத்தாழ 5 விழுக்காடு. 1843ஆம் ஆண்டின் துணை உடன்படிக்கை, எந்த நாட்டுக்கு எந்தச் சலுகை அளித்தாலும் அது பிரித்தானியருக்கும் தானே உரியதாகும் என்னும் விதியைச் சேர்த்தது. அதே விதியை 1844இல் அமெரிக்காவும் பிரான்சும் பெற்றன. குற்றம் புரிந்த அந்நியரை அவர்தம் நாட்டுச் சட்டப்படி அவர்தம் தூதரகமே விசாரிக்கும் என்ற புறநாட்டு நீதியுரிமையும் வந்தது. இவற்றால், தன் தொழில்களைக் காக்கவோ போர்க்காலத்தில் வருவாயைக் கூட்டவோ சுங்கவரியை உயர்த்தும் அதிகாரம் அரசிடமிருந்து நீங்கியது.

துறைமுகங்கள் ஐந்தானதும் வணிகம் தேயிலை, பட்டு விளையும் நிலங்களுக்கு அருகிலிருந்த ஷாங்காய்க்கு நகர்ந்தது. ஃபூஜியன் மலைத் தேயிலையை மெய்லிங் கணவாய் வழியே கான்டனுக்குச் சுமந்துவந்த கூலிகளும் படகோட்டிகளும் பிழைப்பிழந்தனர். பிரித்தானியக் கடற்படை விரட்டிய கடற்கொள்ளையர் ஆறுகள் வழியே உள்நாட்டு மாநிலமான குவாங்சிக்குள் புகுந்தனர். வெள்ளியின் விலையேற்றம் அதே ஊர்களை வாட்டியது. கான்டன் தேர்வுகளில் பலமுறை தோற்று, கிறித்துவத் துண்டுநூல் ஒன்றைப் படித்துத் தம்மை இயேசுவின் தம்பியாகக் கருதிய ஹோங் ஷியூச்சுவானுக்கு இத்தகைய மக்களிடமிருந்தே முதற்சீடர்கள் கிடைத்தனர். 1851 ஜனவரியில் குவாங்சியின் ஜின்தியன் ஊரில் எழுந்த தைப்பிங் கிளர்ச்சி, 1853 மார்ச்சில் நாஞ்சிங்கைப் பிடித்து, 1864 வரை அதனைத் தலைநகராக வைத்திருந்தது. பஞ்சமும் நோயும் சேர்த்து இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. பேரரசின் மிக வளமான வரி நிலங்கள் இந்தப் போரின் களமாயின.

வெறுமையாகிவிட்ட கருவூலத்தால் கிளர்ச்சியை அடக்க இயலாத நிலையில், சரக்கு செல்லும் வழிகளில் சிறு தொகை வசூலிக்கும் லிஜின் என்ற வழிவரி 1853இல் யாங்சி வட்டாரத்தில் தோன்றி, சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. இந்த வரியைக் கொண்டே செங் குவோஃபான் ஹூனான் படையையும், அவர் வழிவந்த லி ஹோங்சாங் ஹுவாய் படையையும் நடத்தினர். வெள்ளி உழவரை வருத்துவதை எழுதிய அதே கை, வம்சத்தைக் காக்க மைய அரசின் பிடிக்கு அப்பாற்பட்ட படையையும் வரியையும் உருவாக்கவேண்டி வந்தது. கிளர்ச்சி தோற்றது, ஆனால் வரியும் வாளும் மாநில ஆளுநர்களிடமே தங்கிவிட்டன.

உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோதே 1856இல் ஏரோ என்ற படகைச் சாக்கிட்டு இரண்டாம் அபினிப் போர் மூண்டது. சீனத்துக்குப் புறப்பட்ட பிரித்தானியத் துருப்புகளை இடைவழியில் 1857ஆம் ஆண்டு எழுச்சியை ஒடுக்க இந்தியாவுக்குத் திருப்பியதால் அது சற்றே தாமதப்பட்டது. 1858இல் அபினி, பெட்டி ஒன்றுக்கு 30 லியாங் வரியுடன் சட்டப்படி ஏற்கப்பட்ட பண்டமாயிற்று. 1860 அக்டோபரில் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கை அடைந்து, நூற்றாண்டுக்கு மேல் கட்டி வளர்க்கப்பட்ட யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டங்களைக் கொள்ளையிட்டன. பிரித்தானியத் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆணைப்படி அவை எரிக்கப்பட்டன. நூல்களும் ஓவியங்களும் வெண்கலச் சிலைகளும் நிறைந்திருந்த அந்த இடத்தின் இழப்பு சீனருடையது மட்டுமன்று. பேரரசர் ரெஹெவுக்குத் தப்பியோடி மறு ஆண்டே இறந்தார். இரு நாடுகளுக்கும் தலா 80 லட்சம் லியாங் இழப்பீடு. அதனை அடைக்கச் சுங்க வருவாயில் ஐந்தில் இரண்டு பங்கு ஒதுக்கப்பட்டது.

அந்தச் சுங்கத்தை நடத்தியவர்களும் அந்நியரே. 1853இல் சிறுவாள் சங்கம் என்ற கிளர்ச்சிக் குழுவினர் ஷாங்காய் நகரைக் கைப்பற்றியபோது சீனச் சுங்க அதிகாரி ஓடிப்போக, 1854இல் பிரித்தானிய, அமெரிக்க, பிரெஞ்சுத் தூதர்கள் சேர்ந்து அமைத்த ஆய்வாளர் குழுவிலிருந்து பேரரசின் கடற்சுங்கத் துறை வளர்ந்தது. 1863 முதல் அதன் தலைமை ஆய்வாளராக இருந்த அயர்லாந்தியர் ராபர்ட் ஹார்ட், சீன அரசின் ஊழியராகத் தம்மைக் கருதி நேர்மையுடன் பணியாற்றியவர். கையூட்டு ஒழிந்தது, வருவாய் ஆண்டுக்காண்டு பெருகியது, கலங்கரை விளக்கங்களும் மொழிப்பள்ளியும் படைக்கலச் சாலைகளும் அதனால் நடந்தன. இந்த நன்மைகளை மறுப்பது நியாயமாகாது. எனினும் நம்பத்தகுந்த ஒரே வருவாய் அந்நியர் கையிலிருந்த வருவாயே என்றானதால், அதனை ஈடாக வைத்துக் கடன் வாங்குவது எளிதாயிற்று. கடன் கொடுத்தோர்க்கு அந்தத் துறையை மாறாமல் காப்பதில் அக்கறையும் பிறந்தது.

அந்த வழியின் முடிவு 1895இல் தெரிந்தது. கொரியாவுக்காக ஜப்பானுடன் மூண்ட போரில் தோற்ற சிங் அரசு, ஷிமொனோசெகி உடன்படிக்கையின்படி தைவானை இழந்து 20 கோடி லியாங் இழப்பீட்டுக்கும், லியாவோதொங் தீபகற்பத்தை மீட்க மேலும் 3 கோடிக்கும் கட்டுப்பட்டது. இது ஆண்டு வருவாயைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அடைக்க வாங்கிய கடன்கள் மூன்று: 1895இல் பிரெஞ்சு, ரஷ்ய வங்கிகளிடம் 40 கோடி பிராங்க், 1896இலும் 1898இலும் பிரித்தானிய, ஜெர்மன் வங்கிகளிடம் தலா 1 கோடியே 60 லட்சம் பவுண்டு. 1896 கடன் நிலுவையில் இருக்கும்வரை சுங்கத் துறையின் நிர்வாக அமைப்பு மாற்றப்படக் கூடாது என்பது அதன் நிபந்தனை. பேரரசர் தம் சொந்தச் சுங்கத்தைச் சீரமைக்கும் உரிமையையும் இவ்வாறு அடகு வைத்தார். ஜப்பானோ அந்த இழப்பீட்டைக் கொண்டு 1897இல் பொன் நாணய முறைக்கு மாறியது.

பொன்னின் பேச்சு இங்கே பொருந்தும். 1870களில் ஜெர்மனி முதலிய நாடுகள் வெள்ளியைக் கைவிட்டுப் பொன்னுக்கு மாறியதால், நூற்றாண்டின் இறுதிக்குள் வெள்ளியின் பொன்விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. சிங் அரசின் வருவாய் வெள்ளியில், வெளிக்கடன் பொன்னில். அரை நூற்றாண்டுக்கு முன் வெள்ளியின் விலை ஏறியதால் உழவர் நசுங்கினர். இப்போது அது இறங்கியதால் அரசே நசுங்கியது. இரு முறையும் விலையை நிர்ணயித்த சந்தைகள் சீனத்துக்கு வெளியே இருந்தன. 1900இல் அந்நியரை எதிர்த்த பாக்ஸர் எழுச்சியின்போது பெய்ஜிங்கின் அந்நியத் தூதரகங்கள் முற்றுகையிடப்பட, எட்டு நாட்டுப் படைகள் புகுந்தன. 1901 செப்டம்பர் உடன்பாடு விதித்த 45 கோடி லியாங் இழப்பீடு, 4 விழுக்காடு வட்டியுடன் 1940 வரை 39 ஆண்டுகளில் கட்டவேண்டியது. மொத்தம் ஏறத்தாழ 98 கோடி. கடற்சுங்கம் போதாமல் உள்நாட்டுச் சுங்கமும் உப்பு வரியும் அதற்கு ஈடாயின. ஆண்டுத் தவணையை மைய அரசு மாநிலங்களுக்குப் பங்கிட்டுவிட, மாநிலங்கள் நிலம், உப்பு, வீடு, கடை என்று கண்டவற்றின்மீதெல்லாம் புதிய வரிகளைப் போட்டன. புதிய பள்ளி, புதிய படை, காவல்துறை என்று அதே ஆண்டுகளில் தொடங்கிய சீர்திருத்தங்கள் உண்மையிலேயே தேவையானவை. ஆனால் அவற்றுக்கான செலவு இழப்பீட்டின் மேல் ஏறியதால், ஊர்மக்களுக்கு இரண்டும் ஒரே சுமையாகவே தோன்றின.

1911 மே மாதத்தில், மாநில மக்கள் பங்கு வாங்கித் தொடங்கியிருந்த இருப்புப்பாதைத் திட்டங்களை மைய அரசு கையகப்படுத்தி, பிரித்தானிய, ஜெர்மன், பிரெஞ்சு, அமெரிக்க வங்கிக் கூட்டமைப்பிடம் கடன் பெற்று நடத்த முடிவுசெய்தது. நிலவரியோடு சேர்த்துப் பங்குத்தொகை வசூலிக்கப்பட்டிருந்த சிசுவான் மாநிலத்தில் இழப்பீடு குறைவென்று கடையடைப்பும் வரிமறுப்பும் வெடித்தன. அவற்றை அடக்க ஹூபேயிலிருந்து படைகள் சென்றன. அக்டோபர் 10 அன்று அந்த மாநிலத்தின் ஊச்சாங்கில் எஞ்சியிருந்த புதுப்படையினர் கிளர்ந்தெழுந்தனர். மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தன்னுரிமை அறிவிக்க, 1912 பிப்ரவரி 12 அன்று ஆறு வயதுச் சிறுவரான பூயீயின் பெயரால் முடிதுறப்பு ஆணை வெளியாயிற்று.

அதுவரை கடற்சுங்க ஆய்வாளர்கள் வரியைக் கணக்கிட்டுத் தருவதோடு சரி. பணம் சீன அதிகாரிகளின் வங்கிகளிலேயே சேர்ந்தது. கிளர்ச்சி மூண்ட வாரங்களில், கடன் தவணைகள் தவறக் கூடாது என்னும் காரணத்தைக் காட்டி, ஹார்ட்டுக்குப் பின் தலைமை ஏற்ற பிரான்சிஸ் ஆக்லன் வசூல் முழுவதையும் தம் துறையின் பொறுப்பில் அந்நிய வங்கிகளில் செலுத்தச் செய்தார். புதிய குடியரசு அந்த ஏற்பாட்டையும் கடன்களையும் இழப்பீட்டுத் தவணைகளையும் அப்படியே மரபுரிமையாகப் பெற்றது. 1842இல் நாஞ்சிங் அருகே இழந்த சுங்கவரி உரிமையைச் சீனம் 1928 முதல் ஒவ்வொரு நாட்டுடனும் தனித்தனியே பேசி மீட்கவேண்டியிருந்தது. கடைசியாக ஜப்பான் அதனை ஏற்றுக்கொண்டது 1930 மே மாதத்தில்.